சேச்சி தம்பிக்குச் சேர்த்து வைத்த அவசரங்கள்

எனக்குப் பயம் வந்தால் அது முதலில் வயிற்றுக்குத் தெரியும், அப்புறம் காதுகளுக்கு. காது மடல் இரண்டும் தோசைக்கல் மாதிரி சூடாகிவிடும். எனக்குக் கடைசியில்தான் தகவல் வரும். வயது ஐம்பதைத் தொட்டும் இந்த வரிசை மாறவில்லை. இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்களில் ஒரு மத்தியானம் மட்டும் வயிறு, காது, நான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது. அந்த மத்தியானத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது நான் கொச்சியில், மட்டாஞ்சேரியில், ஒரு சுக்கு கோடவுனுக்கு மேல் மாடியில் வேலை பார்த்தேன். மாடி இக்காவுடையது. ஊரே அவரை இக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். கப்பல் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் தொழில். சமையல்காரர், பரிமாறுகிறவர், துணி வெளுக்கிறவர் என்று எல்லாரும் எங்கள் மரப்படியில் வரிசையாக நின்று விண்ணப்பம் கொடுப்பார்கள். கீழே சாக்கிலிருந்து எழும் சுக்குத் தூளை மூக்கு நிறைய வாங்கிக்கொண்டு தும்முவார்கள். படியில் தும்மாமல் நிற்பவனுக்குக் கப்பலிலும் தலைசுற்றாது என்று இக்கா ஒரு கணக்கு வைத்திருந்தார்.

துபாய் போய்வந்த யாரோ, இப்போதெல்லாம் விண்ணப்பம் இன்டர்நெட்டிலேயே வாங்குகிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே எனக்கு அழைப்பு வந்தது. அவருக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர்காரன் நான்தான். அது என் திறமைக்குக் கிடைத்த சான்றிதழ் இல்லை, அவருடைய அறிமுகங்களின் அளவு.

வெப்சைட் செய்து கொடுத்தேன். கொஞ்ச நாளிலேயே அது காலை வாரியது. தேவராவில் ஓர் இன்டர்நெட் கடையிலிருந்து விண்ணப்பித்த ஆள் பாரத்தை நிரப்பி பட்டனை அழுத்தியதும், திரை முழுக்க வெள்ளையாகி, நடுவில் இங்கிலீஷில் நாலைந்து வரி வந்திருக்கிறது. எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி, என்ன கோளாறு என்று என் வண்டவாளமெல்லாம் அதில் இருந்தது. அவர் ஆபீசுக்கு போன் செய்து, இது எந்த நாட்டு பாஷை, கப்பலில் சேர இதையும் படிக்க வேண்டுமா என்று மரியாதையாக விசாரித்தார். இக்காவுக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் குடும்பச் சண்டை போடுவாயா என்று என்னைக் கேட்டார்.

எனவே நான் ஓர் ஏற்பாடு செய்தேன். உள்ளே என்ன கோளாறு நடந்தாலும் வெளியே தெரியக்கூடாது. விண்ணப்பித்தவருக்கு "உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி" என்று புன்னகையோடு ஒரு பக்கம் வரும். அதே சமயம், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் விழுந்தது, அந்த ஆள் பாரத்தில் என்னென்ன நிரப்பியிருந்தார் என்பதையெல்லாம் சேர்த்து ஒரு ஈமெயில் தானாகவே ஆபீசுக்கு வந்துவிடும். நான் உடனே பார்த்துச் சரிசெய்து, அவருடைய விவரத்தைக் கையாலேயே உள்ளே சேர்த்துவிடுவேன். அந்த நன்றி, நான் செய்யப்போகும் வேலைக்கு முன்கூட்டியே சொன்னது. இதைச் செய்து முடித்த அன்று எனக்கு நானே ஒரு சாயா வாங்கிக் கொடுத்தேன்.

ஈமெயில் யாருக்கு வருவது என்ற கேள்வி வந்தது. நான் பாதி நாள் பஜாரில் யாராவது வியாபாரியின் கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்திருப்பேன். ஆபீஸை விட்டு நகராதவர், அக்கா என்ற அர்த்தத்தில் நாங்கள் சேச்சி என்று கூப்பிட்ட ஆபீஸ் பெண்மணி ஒருவர்தான். தபால், போன், ஈமெயில், சாவி எல்லாம் அவர் பொறுப்பு. இதையும் அவரே பார்க்கட்டும், வந்தால் எனக்குச் சொல்லட்டும் என்று இக்கா தீர்ப்பு சொன்னார்.

முதலில் கடிதத்தின் தலைப்பில் "எரர்" என்று பெரிய எழுத்தில் போட்டேன். அதைப் பார்த்த சேச்சி சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அறையைப் பூட்டிக்கொண்டு படியில் போய் நின்றார். கம்ப்யூட்டர் வெடிக்கும் என்று நினைத்துவிட்டார். இங்கிலீஷ் வேண்டாம், சேச்சிக்குப் புரிகிற மாதிரி எழுது என்றார் இக்கா. மலையாள எழுத்தில் அனுப்பினால் அந்தக் காலத்து ஈமெயிலில் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆகவே இங்கிலீஷ் எழுத்தில், நம் பேச்சில், ஒரே சொல்லாகப் போட்டேன்: அவசரம். நம் பேச்சு என்றால் யார் பேச்சு என்று அப்போது யோசிக்கவில்லை.

அதன் பிறகு வாரக்கணக்கில் அமைதி. பஜாரிலிருந்து திரும்பும்போதெல்லாம் சேச்சியிடம் ஏதாவது வந்ததா என்று கேட்பேன். ஒன்றும் வரவில்லை என்பார். நம் பையன் செய்த சைட்டில் தப்பே கிடையாது என்று இக்கா பள்ளிவாசல் வரைக்கும் போய்ச் சொன்னார். நானும் நடையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன்.

அப்படியிருக்கையில்தான் மும்பையிலிருந்து ஒரு கப்பல் கம்பெனியின் ஆள், சமையல்காரர்களின் விண்ணப்பங்களை வாங்கிப்போக வந்தார். எல்லாவற்றையும் அச்செடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். அன்று சாயங்கால ரயிலில் அவர் திரும்புகிறார். இக்கா அவரைக் கீழே பக்கத்துக் கடையில் உட்கார வைத்து பிரியாணி ஊட்டிக்கொண்டிருந்தபோது, மாடிக்கு என் மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். திண்டுக்கல் பக்கத்துக்காரர். திருப்பூணித்துறையில் ஒரு ஹோட்டலில் சமையல். அந்த ஹோட்டலை மூடிவிட்டு அந்த இடத்தில் துணிக்கடை வைக்கப்போகிறார்கள். வீட்டில் குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. இந்தக் கப்பல் வேலையைத்தான் அவர் நம்பியிருந்தார். முந்தின வாரமே விண்ணப்பித்து, வந்த நன்றிப் பக்கத்தை அச்செடுத்து, அதை லேமினேட் செய்து கையோடு வைத்திருந்தார்.

"உள்ள போயிருச்சுல்ல மச்சான்?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டார்.

நான் பெருமையாகப் பட்டியலைத் திறந்தேன். அவர் பெயர் இல்லை. மேலிருந்து கீழே போனேன், கீழிருந்து மேலே வந்தேன். தேடும் கட்டத்தில் பெயரைத் தட்டினேன், எழுத்தை மாற்றித் தட்டினேன். இல்லை. அவர் லேமினேட் பண்ணியதை என் முகத்துக்கு நேரே நீட்டினார், ஏதோ நான் டிராபிக் போலீஸ் மாதிரி. அதில் நான் எழுதிய நன்றி பளபளத்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்து சேச்சி என்னைப் பார்த்தார். "எடா, நீ எந்தினா விறைக்கின்னது?" ஏன் நடுங்குகிறாய் என்று கேட்கிறார். நான் நடுங்கவில்லை, மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறது என்றேன். மின்விசிறி நின்றுகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் விவரங்களை நானே பாரத்தில் நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். நன்றி என்று வந்தது. பட்டியலில் அவர் வரவில்லை. அப்படியென்றால் உள்ளே ஏதோ கோளாறு, கோளாறு என்றால் கடிதம் வந்திருக்க வேண்டும்.

"சேச்சி, என் கடிதம் ஏதாவது வந்திருக்கா? இப்ப, இந்த நிமிஷம்?"

"இல்லல்லோ. ஒரு ஜோலிக்காரியம் மாத்ரம் வன்னு."

ஜோலி என்றால் வேலை. வேலைவாய்ப்புக் கடிதம் ஒன்று மட்டும் வந்தது என்கிறார். எனக்குக் காது கொதிக்க ஆரம்பித்தது. அதன் தலைப்பு என்ன என்று கேட்டேன்.

"அவசரம்," என்றார் சேச்சி. "தினமும் வரும். நல்ல அவசரங்ஙள்."

நான் பிறந்தது மட்டாஞ்சேரியில்தான், முனிசிபாலிட்டி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் குடியிருப்பில். படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு என்பது எனக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். வெளியே போனால் வாய்ப்பு, வீட்டுக்குள் வந்தால் அவசரம், வாசற்படியில் செருப்போடு சேர்த்து அர்த்தத்தையும் மாற்றிக்கொண்டுதான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினேன். ஆனால் அந்தத் தலைப்பைத் தட்டும்போது அவசரத்தில் இருந்தேன். விரல் நேராக வீட்டுக்குப் போய்விட்டது. கப்பலில் ஆள் சேர்க்கும் ஆபீசுக்கு நாள்தோறும் "வாய்ப்பு" என்று கடிதம் வந்தால் அதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

"கடிதங்களை என்ன செய்தீங்க சேச்சி?" என் குரல் எனக்கே யாரோ சின்னப் பிள்ளை பேசுவது போலக் கேட்டது.

சேச்சிக்கு முகம் சிவந்தது. அவருடைய தம்பி வேலையில்லாமல் இருந்தார். அவருக்காகவே, வந்த அவசரங்களையெல்லாம் அழிக்காமல், "அனியன்" என்று பெயர் போட்ட ஒரு பெட்டிக்குள் சேர்த்து வைத்திருந்தார். அனியன் என்றால் தம்பி. திறந்து காட்டினார். என் கோளாறுகள் அத்தனையும் அங்கே வரிசையாக, பத்திரமாக உட்கார்ந்திருந்தன. தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சிலவற்றைப் படித்துப் பார்த்து, இந்தக் கம்பெனி கேட்பது ஒன்றும் புரியவில்லை என்றாலும் இருக்கட்டும் என்று பதில் வேறு அனுப்பியிருக்கிறார். எழுபத்தைந்தாவது வரியில் கோளாறு என்று என் சர்வர் எழுதிய கடிதத்துக்கு, தன் பயோடேட்டாவை இணைத்து, எந்த ஷிப்டிலும் வேலை செய்யத் தயார் என்று எழுதியிருந்தார்.

சிரிக்க நேரமில்லை. கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாரும் ஒரே வரியில் விழுந்திருந்தார்கள். எல்லார் பாரத்திலும் ஒரே கட்டம் காலி: வீட்டுப்பேர்.

கேரளத்தில் ஆளுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயர் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேரும்போதே கேட்பார்கள். நான் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வீட்டுப்பேரின் முதல் எழுத்தை எடுத்து ஓர் எண் கொடுக்கச் செய்திருந்தேன். வீட்டுப்பேர் இல்லையென்றால் எடுக்க எழுத்தில்லாமல் முழு விண்ணப்பமும் அங்கேயே குப்புற விழுந்துவிட்டது. விழுந்தவர்களைப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஆட்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஹோட்டல் சமையல்காரர்கள்.

எனக்கே வீட்டுப்பேர் கிடையாது. நான் கட்டிய வாசலில் நானே நுழைய முடியாது. அப்படியானால் சோதித்துப் பார்க்கும்போது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பையன்களுக்கும் வீட்டுப்பேர் இருந்தபோது, நானும் எனக்கு ஒரு பெரிய தறவாட்டின், அதாவது பரம்பரை வீட்டின், பெயரைக் கற்பித்துக்கொண்டு ஒரு வருடம் வண்டி ஓட்டியவன். அந்தப் பழக்கத்தில், சோதனைக்காக நான் உருவாக்கிய கற்பனை சமையல்காரர்கள் எல்லாருக்கும் நாலுகட்டு வீடும் பெயரும் கொடுத்திருந்தேன். ஒருத்தன்கூட ஏழை இல்லை.

இக்கா மூச்சு வாங்க மேலே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. தாடியை ஒருமுறை தடவிவிட்டு, "பேடிக்கண்டா. ஞான் அயாளெ கீழே பிடிச்சு நிர்த்தாம்," என்றார். பயப்படாதே, அந்த ஆளைக் கீழே நான் பிடித்து வைக்கிறேன் என்று அர்த்தம். பிரியாணி முடிந்துவிட்டது, இனி பால் விடாத சுலைமானி சாயாதான் பாக்கி, அதை எவ்வளவு நேரம் இழுக்க முடியும் என்று முனகிக்கொண்டே இறங்கினார்.

எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. புரோகிராம் வரிகளைத் திருத்த வேண்டாம். எல்லாருக்கும் ஆளுக்கொரு வீட்டுப்பேரை நானே போட்டு உள்ளே அனுப்பிவிடலாம். வீடு கட்டிக் கொடுப்பதில் எனக்குத்தான் அனுபவம் இருக்கிறதே. மாப்பிள்ளைக்கு என்ன பெயர் வேண்டும் என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல வீட்டுக்கு நம்பர்தான் மச்சான். பேரு மாட்டுக்குத்தான் வைப்போம்."

"சும்மா ஒண்ணு சொல்லுங்க மாப்ள. யாரு பாக்கப் போறா?"

"பாஸ்போர்ட்ல அது இல்லையே." அவர் குரல் தணிந்துவிட்டது. "நாளைக்கு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா பொய் சொன்னவன்னு வெளிய அனுப்புவாங்க. என்னை மட்டும் இல்ல, இதுல இருக்கற எல்லாரையும். நம்பரே போடுங்க, இல்லைன்னா விட்ருங்க. இல்லாத வீடு வேண்டாம்."

விட்டுவிடலாம் என்று அவர் சொன்னாலும், அந்தக் கை லேமினேட் அட்டையை வளைத்துக்கொண்டே இருந்தது. நான் வரிகளைத் திறந்தேன்.

வேண்டியது ஒரே ஒரு வரி. வீட்டுப்பேர் காலியாக இருந்தால் எக்ஸ் என்ற எழுத்தை எடுத்துக்கொள், அவ்வளவுதான். அதை எழுதி சர்வரில் ஏற்ற டயல் செய்தேன். மோடம் தன் வழக்கமான ஒப்பாரியை முடித்து, கோப்பு பாதி ஏறியபோது தொடர்பு அறுந்தது. எங்கள் போன் லைனும் கீழே கோடவுன் லைனும் ஒன்று. கீழே யாராவது ரிசீவரை எடுத்தால் மேலே நான் கடலில் விழுவேன். மறுபடி டயல் செய்தேன். மறுபடி அறுந்தது. கோடவுன் கணக்கர் யாரிடமோ சுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

சேச்சி எழுந்து கீழே போனார். அங்கே என்ன சொன்னார் என்று தெரியாது. ஆனால் கணக்கரின் குரல் நின்றது. அப்புறம் எட்டிப் பார்த்தபோது, சேச்சி போனின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, சுக்குச் சாக்குகளுக்கு நடுவில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கோப்பு ஏறியது. பக்கத்தைத் திறந்தேன். வெள்ளை. நன்றிகூட இல்லை. அரைப்புள்ளி போட வேண்டிய இடத்தில் காற்புள்ளி போட்டிருக்கிறேன், சைட் முழுவதும் படுத்துவிட்டது. கோளாறைச் சொல்லும் ஏற்பாடும் அதே கோப்புக்குள்தான் இருந்ததால் அதுவும் சேர்ந்து மூர்ச்சையாகிவிட்டது, ஒரு கடிதமும் வரவில்லை. நான் எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், பிறகு எதற்கோ மானிட்டரைத் துணியால் துடைத்தேன். மாப்பிள்ளை என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மச்சான், வயித்தக் கலக்குதுன்னா போய்ட்டு வாங்க. ஆனா சீக்கிரம் வாங்க."

போகவில்லை. அந்தக் கட்டத்தை எல்லாம் தாண்டிவிட்டிருந்தேன். புள்ளியைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். இந்த முறை பக்கம் எழுந்தது. இனிமேல் அனியன் பெட்டியில் இருக்கும் கடிதங்களைப் பார்த்து ஒவ்வொரு விண்ணப்பத்தையும் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். நான் மேலிருந்து தொடங்கப் போனேன்.

"முதல்ல என்னோடத அடிங்க மச்சான்," என்றார். "அப்புறம் தர்மம்."

அவருடையதை அடித்தேன். பட்டியலில் அவர் பெயர் வந்தது. அவர் திரையை விரலால் தொட்டுப் பார்த்தார், ஈர பெயின்டைத் தொடுவது மாதிரி. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு மற்றவர்களின் கடிதங்களை எனக்குப் படித்துச் சொன்னார். இவர் பரோட்டா மாஸ்டர், நம்ம கடைக்கு எதிர்க்கடை. இவனைச் சேர்க்காதீங்க, சாம்பார்ல சர்க்கரை போடுவான். சேர்த்தோம்.

நாங்கள் பாதி வந்தபோது இக்கா படியேறி வந்து, கம்பெனிக்காரர் மூன்றாவது சுலைமானியை மறுத்துவிட்டார், பக்கத்து மிளகு கோடவுனையும் சுற்றிக் காட்டியாகிவிட்டது, இனிக் காட்டத் தன் வீட்டுப் பெண்டுபிள்ளைகள்தான் மிச்சம் என்றார். பிரிண்டர் தன் வயசான இரைச்சலோடு கடைசித் தாளை உமிழும்போது கம்பெனிக்காரர் மாடிப்படியில் தும்மிக்கொண்டே வந்தார்.

கட்டை வாங்கிப் புரட்டினார். எல்லா எண்களும் ஏதேதோ எழுத்தில் தொடங்க, ஒரு பெரிய கும்பல் மட்டும் எக்ஸ் என்று தொடங்குவதைக் கவனித்துவிட்டார். இது என்ன எக்ஸ் என்று இங்கிலீஷில் கேட்டார். என் காதுகள் என்னை விட்டுக் கிளம்பத் தயாராகின. வீட்டுப்பேர் இல்லாதவர்கள் என்று உண்மையைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

"எக்ஸ்பீரியன்ஸ்," என்றார் இக்கா.

கம்பெனிக்காரர் தலையசைத்து, எக்ஸ் கட்டைத் தனியாகப் பிரித்து மேலே வைத்துக்கொண்டார். அவர் கார் தெருமுனை திரும்பும் வரை நாங்கள் யாரும் அசையவில்லை. அப்புறம் மாப்பிள்ளை படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். சுக்குத் தூள் கண்ணில் பட்டது என்று நானும் சேச்சியும் ஒத்துக்கொண்டோம்.

தலைப்பை மாற்ற வேண்டும் என்று மறுநாள் கூட்டம் போட்டோம். மலையாளத்தில் அவசரத்துக்கு அடியந்திரம் என்பார்கள், அதைப் போடு என்றார் சேச்சி. இக்கா ஒத்துக்கொள்ளவில்லை. செத்தவனுக்குச் செய்யும் சடங்குக்கும் அதே பெயர்தானே, நாள்தோறும் நம் ஆபீசுக்கு இழவு ஓலை வர வேண்டுமா என்றார். கடைசியில் "சேச்சி, ஓடி வா" என்றே போட்டேன். அந்த சைட் இருந்தவரை அதுதான் தலைப்பு. சேச்சியும் ஒவ்வொரு முறையும் நிஜமாகவே ஓடிவந்தார். நன்றிப் பக்கத்தையும் எடுத்துவிட்டு, கோளாறாகிவிட்டது, தயவுசெய்து போன் செய்யுங்கள் என்று எழுதினேன். சேச்சியின் தம்பிக்கு என் சர்வர் பதில் போடவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. பிறகு இக்காவே அவரைக் கம்பெனிகளுக்குத் தாள் கொண்டுபோகும் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு மும்பையிலிருந்து அழைப்பு வந்தது. சமைத்துக் காட்டச் சொன்னார்களாம், காட்டினார், எடுத்துக்கொண்டார்கள். எர்ணாகுளம் ஸ்டேஷனில் வழியனுப்பினோம். ரயில் போனபிறகும் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வருடம் கழித்துத்தான் அவர் திரும்பி வருவார். நான் ஏதாவது வேடிக்கை சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் உன்னாலதான் அண்ணா," என்றாள்.

அது பாராட்டா வசவா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.